மிஞ்சிய பெயின்ட்டை என்ன செய்வது? டப்பாவின் நிலையைப் பார்த்து முடிவெடுக்க ஒரு வழிமுறை

பெயின்டர் கணக்குத் தீர்த்துக்கொண்டு போன பிறகு மாடிப்படிக்குக் கீழே போய்ப் பாருங்கள். கால்வாசி எமல்ஷனோடு ஒரு 20 லிட்டர் பக்கெட், ஜன்னல் கம்பிக்கு அடித்ததில் மிச்சம் அரை லிட்டர் எனாமல், பிரஷ் கழுவிய அழுக்கு டர்பன்டைன் ஒரு தண்ணீர் பாட்டிலில், பாதி மூட்டை பட்டி (சுவரைச் சமன்படுத்தப் பூசும் வால் புட்டி மாவு), ஓரத்தில் சுருட்டிப் போட்ட துணி. இதையெல்லாம் என்ன செய்வதென்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் சாக்கடையில் ஊற்றுகிறோம், பக்கத்துக் காலி மனையில் வீசுகிறோம், பொங்கலை ஒட்டி அடித்த பெயின்ட் என்றால் போகித் தீயில் டப்பாவோடு போட்டுவிடுகிறோம். மூன்றுமே செய்யக் கூடாதவை.

என் முடிவு ஒன்றுதான், கீழே வருவதெல்லாம் அதிலிருந்து வருவது: பெயின்ட் திரவமாக வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. உங்கள் சுவருக்குப் போகட்டும், இன்னொருவர் சுவருக்குப் போகட்டும், இல்லையென்றால் கட்டியாகிப் போகட்டும். கட்டியாக்க முடியாத ரகம் என்றால், இறுக மூடிய டப்பாவிலேயே, அதை முறையாக வாங்குகிறவர் கைக்குப் போகட்டும்.

உங்கள் பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

எந்த டப்பாவானாலும் முதலில்: தண்ணீர் ரகமா, டர்பன்டைன் ரகமா?

டப்பாவின் பின்பக்கம் எதைக் கலந்து அடிக்கச் சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். தண்ணீர் என்று இருந்தால் எமல்ஷன், டிஸ்டம்பர், வாட்டர் பிரைமர், டெக்ஸ்சர், மொட்டைமாடிக்கு அடிக்கும் அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் ஆகிய வகைகள். டர்பன்டைன் என்று இருந்தால் எனாமல், மர பிரைமர், இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர், வார்னிஷ். தின்னர் என்று இருந்தால் மர வேலைக்கான என்சி (நைட்ரோசெல்லுலோஸ்), மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ்கள்; இவை டர்பன்டைன் ரகத்தை விடவும் சீக்கிரம் தீப்பிடிப்பவை. எனாமல் என்று பெயர் இருந்தாலே டர்பன்டைன் ரகம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது, தண்ணீரில் கரையும் எனாமலும் இப்போது கடையில் இருக்கிறது.

லேபிள் கிழிந்து போயிருந்தால், தூக்கிப் போடப்போகிற பேப்பர் கப்பில் தண்ணீர் எடுத்து, குச்சி நுனியால் ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் முழுக்க வெளுத்துக் கலங்கினால் தண்ணீர் ரகம். கலங்காமல் சொட்டுச் சொட்டாக மிதந்தோ, இழையாகக் குச்சியில் ஒட்டிக்கொண்டோ நின்றால் டர்பன்டைன் அல்லது தின்னர் ரகம்.

இரண்டையும் ஒரே டப்பாவில் ஊற்றி இடத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கலந்துவிட்டால் அடிக்கவும் உதவாது, எளிதில் காயவும் காயாது, முழுவதையும் தீப்பிடிக்கும் சரக்காகவே வைத்துக் காக்க வேண்டியிருக்கும்.

"நிறைய மிஞ்சிவிட்டது, பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது"

இது கழிவே இல்லை, சரக்கு. ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குக் குத்துமதிப்பாக 60 முதல் 80 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுவரைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். 4 லிட்டர் மிஞ்சியிருந்தால் பத்தடிக்குப் பத்தடி சுவர் இரண்டை முழுதாக முடித்துவிட்டு மூன்றாவதிலும் கை வைக்கலாம். ஸ்டோர் ரூம், அலமாரியின் உள்பக்கம், யாரும் பார்க்காத படிக்கட்டுச் சுவர் என்று எங்காவது அடித்து முடித்துவிடுவதைவிட நல்ல வழி கிடையாது. வேறு வேறு ஷேடில் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சியிருந்தால் எல்லாமே எமல்ஷனாக இருக்கும் பட்சத்தில் ஒன்றாகக் கலக்கலாம், சாம்பலும் பழுப்புமாக ஒரு நிறம் வரும், உள்சுவருக்கு முதல் கோட்டாகப் போதும். உள்பக்கத்துக்கான பெயின்ட்டைக் காம்பவுண்டு சுவரில் அடித்துவிடாதீர்கள், வெயிலும் மழையும் பட்டால் பூசணம் பிடித்துப் பொடிப்பொடியாக உதிரும், உதிர்ந்தது மண்ணுக்குத்தான் போகும்.

டச்-அப்புக்கு ஒரு லிட்டர் போதும். அதைப் பெரிய பக்கெட்டிலேயே விட்டால் உள்ளே இருக்கிற காற்றே அதைக் கெடுத்துவிடும், அதனால் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி, மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்குங்கள். டப்பா மேல் கம்பெனி, ஷேடு எண், எந்த அறை, எப்போது அடித்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். கலர் கலக்கும் மெஷினில் அடித்து மூடியில் ஒட்டித் தரும் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், மிச்சம் ஒரு சொட்டுக்கூட வைக்காமலே பிறகு அதே நிறத்தைக் கேட்டு வாங்க முடியும்.

வைக்கும் இடம் முக்கியம். நம் வீடுகளில் மாடிப்படிக்குக் கீழேதான் இன்வெர்ட்டர் பேட்டரி, கரண்ட் மீட்டர், சில நேரம் காலி கேஸ் சிலிண்டரும் இருக்கும், அங்கேயே எனாமலையும் தின்னரையும் வைக்கிறோம். டர்பன்டைன் ஆவி ஏறத்தாழ 30 முதல் 40 டிகிரி சூட்டிலேயே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும், மே மாதத்தில் சென்னையிலும் வேலூரிலும் அது சாதாரண மதிய வெயில்தான். தின்னரில் இருக்கும் டொலுவீன் என்ற கரைப்பானுக்கு 4 டிகிரியே போதும், அதாவது எப்போதுமே தயார் நிலை. மொட்டைமாடித் தகரக் கொட்டகையும் கூடாது.

திறக்காத, நிறம் கலக்காத டப்பாவைப் பில்லோடு கொண்டுபோனால் பல கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஷேடு கலந்துவிட்டதை எடுக்க மாட்டார்கள், அதைக் கேட்டுச் சண்டை போடுவதில் பலன் இல்லை. தெருவில் வேறு யார் வீட்டிலாவது வேலை நடக்கிறதா, பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு வகுப்பறைச் சுவருக்கு ஆகுமா என்று கேளுங்கள். கொடுக்கும்போது டப்பாவில் தயாரிப்புத் தேதியைக் காட்டிக் கொடுங்கள். எமல்ஷனுக்குத் திறக்காத நிலையில் பெரும்பாலும் 3 ஆண்டுதான் கணக்கு.

"மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம்"

புது எமல்ஷனில் லேசாக அம்மோனியா வாடை வரும், அது இயல்பு. முட்டை அழுகின மாதிரியோ, புளித்துக் குமட்டும்படியோ இருந்தால் உள்ளே பாக்டீரியா பெருகிவிட்டது. தண்ணீர் ரக பெயின்ட்டில் கிருமி வளராமல் இருக்க ஒரு பாதுகாப்பு மருந்து சேர்த்திருப்பார்கள், கழுவாத பிரஷை உள்ளே விடுவதும் தொட்டித் தண்ணீரை ஊற்றிக் கலப்பதும் அதன் பலத்தைத் தீர்த்துவிடுகின்றன. சுவரில் அடித்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், அடித்த பிறகும் மழைக்காலத்தில் சுவர் ஈரம் வாங்கும்போதெல்லாம் நாற்றம் திரும்ப வரும்.

பிளீச்சிங் பவுடர் போட்டுச் சரிசெய்யச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். பெயின்ட்டில் இருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். இந்த டப்பாவைக் கட்டியாக்க வேண்டியதுதான். திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தப் பாதுகாப்பு மருந்தே சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். மிச்சமிருக்கிற பட்டியோ வெள்ளை சிமென்ட்டோ கலந்தால் நாற்றமும் அடங்கும், இறுகவும் செய்யும். எப்படி என்பது இரண்டு தலைப்பு தள்ளி இருக்கிறது.

"மேலே தோல் மாதிரி படிந்திருக்கிறது, அடியில் கெட்டியாகிவிட்டது"

எனாமலில் தோல் படிவது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, மூடி சரியாக இல்லாமல் காற்று பட்டதற்கு அடையாளம். கத்தியால் ஓரம் முழுக்க அறுத்துத் தோலை முழுசாக எடுத்து வெளியே காயப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பழைய கொசுவலைத் துணியில் வடிகட்டுங்கள், நன்றாக இருந்தால் அடிக்கலாம். தோலைக் கிளறி உள்ளேயே கலந்துவிட்டால்தான் கெட்டது.

எமல்ஷனில் அடியில் தங்கியிருப்பது, ஒரு தட்டையான கட்டையால் அடி வரை சுரண்டிப் பொறுமையாகக் கிளறினால் கரைகிறதா என்று பாருங்கள். கரைந்தால் சரி. ரப்பர் மாதிரி துண்டு துண்டாக வந்தால், இல்லை தயிர் திரிந்த மாதிரி பிசிறு பிசிறாக நின்றால், அதோடு விட்டுவிட்டு அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

"வெயிலில் வைத்தும் காயவே மாட்டேன் என்கிறது"

மூடியைத் திறந்து மாடியில் வைத்துவிட்டால் தானாகக் காய்ந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் வைக்கிறார்கள். மேல்பரப்பு மட்டும் இறுகும், அந்தப் படலமே அடியில் இருப்பதற்கு மூடியாகிவிடும், மாதங்கள் கழித்துக் குச்சியால் குத்தினால் உள்ளே பச்சையாகவே இருக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் பக்கெட் நிரம்பி வழிந்து மாடித் தண்ணீர்க் குழாய் வழியாகக் கீழே இறங்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, திறந்த வெளியில் பெயின்ட் காயவைக்கும் வேலையே வேண்டாம்.

தண்ணீர் ரகத்துக்கு இரண்டு வழி. அரை லிட்டருக்குள் இருந்தால் பழைய பிளாஸ்டிக் ஷீட்டையோ அட்டைப்பெட்டியையோ விரித்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் வராமல் பரப்பி விடுங்கள், நல்ல வெயிலில் சில நாளில் உரித்தெடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் எதையாவது கலந்துதான் ஆக வேண்டும். மரத்தூள், எம்-சாண்ட், பாதி மிஞ்சிய பட்டி, வெள்ளை சிமென்ட், எது கைவசம் இருக்கிறதோ அது. பட்டியும் சிமென்ட்டும் தண்ணீரை உறிஞ்சுவதோடு நிற்காமல் தாமாகவே இறுகுவதால் இவைதான் சிறந்தவை, தவிர அந்தப் பாதி மூட்டையையும் எப்படியும் ஒழிக்கத்தான் வேண்டும். பக்கெட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடி வரை கிளறுங்கள். முதலில் குழைவாகும், பிறகு கட்டை நகர மறுக்கும், கட்டையைத் தூக்கினால் பள்ளம் மூடாமல் அப்படியே நிற்கிற பதம் வந்ததும் நிறுத்தி, நிழலில் திறந்து வையுங்கள். மறுநாள் பக்கெட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு ஓடினாலும் இன்னும் கொஞ்சம் போட வேண்டும் என்று அர்த்தம். சிமென்ட், பட்டி தூசி கண்ணுக்கு ஆகாது, கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

டர்பன்டைன் ரகத்துக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கிற கொஞ்சம் என்றால் மட்டும், மணல் தூவி, வீட்டுக்கு வெளியே, அடுப்பும் சிகரெட்டும் விளையாடும் குழந்தையும் வராத நிழலில் திறந்து வைத்து இறுகவிடலாம். மரத்தூள் போடவே போடாதீர்கள், ஏன் என்பது துணி பற்றிய தலைப்பில் வருகிறது. அதற்கு மேல் இருந்தால், லிட்டர் கணக்கில் டர்பன்டைனும் தின்னரும் காற்றில் ஆவியாகும்படி வைப்பது காயவைப்பது ஆகாது, அக்கம்பக்கத்தார் மூச்சில் ஏற்றுவது. மூடி வைத்து, பயன்படுத்துகிற ஆளைத் தேடுங்கள். கிரில், கேட் செய்யும் வெல்டிங் பட்டறையில் எந்த நிறமானாலும் எனாமலுக்கு வேலை இருக்கும்.

"டப்பா உப்பியிருக்கிறது"

கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், உடனே நெம்பாதீர்கள். எமல்ஷன் டப்பா என்றால் கிருமிகள் உண்டாக்கிய வாயு. பியூ பாலிஷோடு தனி டின்னில் வரும் ஹார்டனர் என்றால் ஈரக்காற்று உள்ளே போய்க் கரியமில வாயு உண்டாகியிருக்கும், இது நம் ஊர்ப் புழுக்கத்தில் அடிக்கடி நடப்பது. நிழலில் ஆறவிட்டு, மேலே கனமான ஈரத் துணியைப் போட்டு, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு மூடியின் ஓரத்தை மட்டும் லேசாகத் தளர்த்தி வாயுவை விடுங்கள். ஹார்டனரின் ஆவி நெஞ்சுக்கு ஆகாது, ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். ஸ்ப்ரே பெயின்ட் கேன் உப்பினாலும் நசுங்கினாலும் அதைக் குத்தாதீர்கள், உள்ளே தள்ளுவிசைக்கு இருப்பது பெரும்பாலும் சமையல் வாயு ரகம்தான்.

"பெயின்டர் விட்டுப்போன துணி சூடாக இருக்கிறது"

இதைப் படிப்பவர்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள். பெயின்டர்கள் கை துடைக்கவும் பாலிஷ் தேய்க்கவும் வைத்திருக்கும் பனியன் வேஸ்ட், வார்னிஷிலோ எனாமலிலோ ஆளிவிதை எண்ணெயிலோ நனைந்து, மூட்டையாகச் சுருட்டி மூலையில் கிடந்தால், நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். இந்த எண்ணெய்கள் உலர்வது தண்ணீர் ஆவியாவது போல அல்ல, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து உலர்கின்றன, அப்போது சூடு கிளம்புகிறது. விரித்துக் காயப்போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், சுருட்டிய துணியில் உள்ளேயே அடைபட்டு ஏறிக்கொண்டே போகும். மரத்தூளில் எண்ணெய் ரக பெயின்ட்டைக் கலக்காதே என்று சொன்னதும் இதனால்தான்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில் தீப்பிடித்தது. மர வேலைப்பாட்டைப் புதுப்பித்தவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகள்தான் காரணம். மேல் மாடிகள் பல எரிந்தன, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள்.

துணி தொட்டால் சூடாக இருந்தாலோ, காந்தல் வாடை வந்தாலோ, அதை விரித்துப் பார்க்காதீர்கள், காற்று பட்டால் பற்றும். ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அதன் மேல் ஊற்றி, இடுக்கியால் எடுத்துத் தண்ணீருக்குள் முக்குங்கள். சூடு இல்லையென்றால் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றன் மேல் ஒன்று படாமல், வெளியே கொடியில் நிழலில் போடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பைக்குப் போகலாம். கொடியில் போட இடம் இல்லாதவர்கள் மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி அதில் ஊறவைத்து மூடி வையுங்கள். பெயின்டரிடம் வேலை தொடங்கும் நாளிலேயே, "அண்ணே, துணியச் சுருட்டி உள்ள வச்சிடாதீங்க, வெளிய கொடியில போட்டுடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

"டர்பன்டைன் கலங்கிப் போய்விட்டது"

கொட்ட வேண்டியதே இல்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி இறுக மூடி, சில நாள் அசைக்காமல் வைத்தால் நிறமி அடியில் படியும். மேலே தெளிந்ததை மெல்ல இறுத்து, அடுத்த முறை பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளலாம். அடியில் இருக்கும் சகதியை மட்டும் மணலோடு சேர்த்து வெளியே காயவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ மட்டும் வைக்காதீர்கள். தெளிந்த டர்பன்டைன் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், தாகமெடுத்த பிள்ளை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிடும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புக் கரைசலோ வேறெதுவோ கொடுத்துக் குமட்ட வைக்கவும் கூடாது, வெளியே வரும்போது நுரையீரலுக்குள் போவதில்தான் பெரிய ஆபத்து. வாயைத் துடைத்துவிட்டு, துணியில் சிந்தியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் போக வேண்டும், இருமல் பல மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கலாம்.

"ஏற்கெனவே ஊற்றிவிட்டார்கள்"

எங்கே ஊற்றினார்கள் என்பதுதான் கேள்வி.

தெருவோரம் இருக்கும் மழைநீர் வடிகால் என்றால், அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. சென்னையில் அது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்க் கடலில் சேரும். ஊற்றியது இன்னும் தேங்கி நின்றால் மண்ணையோ மணலையோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளினால் இடம் சுத்தமாகத் தெரியும், பெயின்ட் இன்னும் வேகமாக உள்ளே போகும்.

வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் மழைநீர் சேகரிப்புக் குழி என்றால் விஷயம் இதைவிட மோசம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட குழி அது, மாடித் தண்ணீரை நிலத்தடிக்கு நேராக அனுப்புவதற்கென்றே வெட்டியது. ஜல்லியும் மணலும் போட்டு வடிகால் மாதிரியே இருப்பதால் வெளியூரிலிருந்து வந்த பெயின்டர் கூச்சப்படாமல் அதில் பிரஷ் கழுவிவிடுவார். நீங்கள் குடிக்கும் போர்வெல் பத்தடி தள்ளி இருக்கும். எமல்ஷன் என்றால், அடுத்த மழைக்கு முன்னால் மேலடுக்கு மணலையும் ஜல்லியையும் நிறம் தெரிகிற ஆழம் வரை அள்ளி வெளியே காயவைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மாடிக் குழாயை அதுவரை வேறு பக்கம் திருப்பி விடுங்கள். டர்பன்டைனோ தின்னரோ என்றால் அள்ளுவதோடு நிற்காமல், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை நிறுத்தி, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வாடை வரவில்லை என்பதை மட்டும் நம்பிக் குடிக்காதீர்கள். மண்ணெண்ணெய் வாடை வந்தால் கொதிக்கவைப்பதும் தீர்வு இல்லை.

செப்டிக் டேங்க் என்றால், கொஞ்சம் எமல்ஷன் கழுவிய தண்ணீரை அது தாங்கும். டர்பன்டைன் அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், ஆவி குழாய் வழியாகக் குளியலறைக்கே திரும்பி வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த அறையில் சுவிட்சைக்கூடப் போடாதீர்கள்.

இனி பிரஷ் கழுவும்போது, தண்ணீர் ரகத்தை ஒரு வாளித் தண்ணீரில் கழுவச் சொல்லி, அதில் கொஞ்சம் படிகாரம் கரைத்துவிட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். அடியில் கட்டியாகத் தங்கியதைக் காயவைத்து, மேல் தண்ணீரைப் பாதாள சாக்கடை இணைப்பு இருந்தால் கழிப்பறையில் விடலாம்.

"தூய்மைப் பணியாளர் வாங்க மாட்டேன் என்கிறார்"

திரவமாக இருந்தால் அவர் மறுப்பது நியாயம். அந்த டப்பா வண்டியில் உடைந்தால் அவர் கையிலும் மற்றக் குப்பையிலும்தான் கொட்டும். கட்டியாகிவிட்டது என்று மூடியைத் திறந்து காட்டினால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், அதனால் கொடுக்கும்போது மூடியைத் தனியாகக் கழற்றிக் கொடுங்கள்.

எனாமல், தின்னர், ஸ்ப்ரே கேன் எல்லாம் தனி. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பெயின்ட் டப்பா வீட்டு அபாயக் கழிவுப் பட்டியலில் இருந்தது, சிஎஃப்எல் பல்பு, காலாவதி மருந்து, பழைய பேட்டரியோடு சேர்த்து. இதை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் பொறுப்பு, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் இதற்கான சேகரிப்பு மையம் வைப்பது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். மையம் எல்லா ஊரிலும் கண்ணில் படுவதில்லை. அதனால் கேட்க வேண்டும். சென்னையில் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யுங்கள், மற்ற ஊர்களில் நகராட்சி அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளரைப் பார்த்து, சிவப்புத் தொட்டியில் போடும் கழிவை எந்த நாளில் எங்கே வாங்குகிறார்கள் என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் வழியாக எல்லா வீட்டு டப்பாவையும் சேர்த்துக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கறுப்புக் கவரில் சுற்றி மற்றக் குப்பைக்குள் மறைத்து வைத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடித்த தீ நாட்கணக்கில் புகைந்ததை அந்தப் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மேட்டுக்குள் ஒரு லிட்டர் தின்னர் போய்ச் சேர வேண்டாம்.

"பழைய பெயின்ட்டைச் சுரண்டியது தரையெல்லாம் கிடக்கிறது"

வீடு பழையது என்றால் இது மிஞ்சிய பெயின்ட்டை விடவும் கவனிக்க வேண்டியது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தவழும் குழந்தை அந்தத் தூசியில் கை வைத்து வாயில் வைத்தால் போதும், ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டுமே தூசியைக் காற்றில் ஏற்றும். தண்ணீர் தெளித்து நனைத்து, அட்டையால் தள்ளி அள்ளி, இரட்டைக் கவரில் கட்டி, அபாயக் கழிவோடு வையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து அந்தத் துணியையும் அதே கவரில் போடுங்கள். சுரண்டல் நடக்கும் நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. இன்னும் சுரண்டல் பாக்கி இருந்தால், உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், வேலை மெதுவாகும், பரவாயில்லை. சுரண்டியதை எரிப்பது, டார்ச் வைத்துப் பெயின்ட்டைப் பொசுக்கி எடுப்பது இரண்டும் கூடவே கூடாது.

"காலி பக்கெட்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை"

நல்ல கெட்டியான 20 லிட்டர் பக்கெட், யாருக்குத்தான் மனசு வரும். துணி ஊறவைக்க, வீடு துடைக்க, கட்டட வேலைக்குத் தண்ணீர் தூக்க, செடி வைக்க தாராளமாகப் பயன்படுத்துங்கள், உள்ளே ஒட்டியிருப்பது காய்ந்து உரிந்த பிறகு. குடிதண்ணீர், அரிசி, இட்லி மாவு, ஊறுகாய், மாட்டுக்குக் கழனித்தண்ணீர் இவை எதற்கும் வேண்டாம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நிறமியும் கிருமிநாசினியும் பிளாஸ்டிக்கின் கீறல்களில் இருக்கும், அந்த பிளாஸ்டிக்கும் உணவுக்கென்று செய்ததில்லை.

எனாமல் டின்னைக் காயலான் கடைக்குப் போடுவதென்றால், உள்ளே முழுக்கக் காய்ந்து, தட்டினால் சத்தம் கணீரென்று வரும் நிலையில் போடுங்கள், அங்கே அதை வெறுங்கையால் நசுக்கி அடுக்குகிறவர் இருக்கிறார். எமல்ஷன் பக்கெட்டையும் அங்கேதான் போடப்போகிறீர்கள் என்றால் அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுங்கள், அப்புறம் அது யார் வீட்டிலும் தண்ணீர்க் குடமாக ஆகாது.